மாமி என்று கூப்பிடுகிறேன்

மாமிக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து ஒப்பரேசனுக்காக ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, அந்த வாட்டில் எனக்கு நல்ல பெயர். காலையில் முகம் துடைத்துவிடுவது, இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டுப் பிசைந்து ஊட்டுவது, தலை இழுத்துக் கொண்டை போட்டுவிடுவது எல்லாவற்றையும் பக்கத்துக் கட்டில்காரி ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். மற்றக் கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது. நாங்கள் வீட்டுக்குக் கிளம்புகிற அன்று அவர் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குடுத்து வைச்சனீங்கள் அக்கா. பெத்த பிள்ளையளே உப்பிடிப் பாக்காதுகள். உங்கடை மருமோள் தங்கம்."

மாமி மறுக்கவில்லை. "ஓம், ஓம். குறை சொல்லேலாது," என்றார்.

நான் தேத்தண்ணிப் போத்தலின் மூடியைத் தேவைக்கு மேலே இறுக்கித் திருகினேன். நான் அவருடைய மருமகள் அல்ல. எனக்குக் கலியாணமே நடக்கவில்லை. அவர் வயிற்றில் பிறந்து உயிரோடு இருக்கிற ஒரே பிள்ளை நான். ஐம்பத்தேழு வயதாகிறது. இன்றுவரை ஒருமுறைகூட அவர் காதுபட நான் "அம்மா" என்று கூப்பிட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் பிள்ளையைக் கோயிலுக்கு விற்று வாங்குவது ஒன்றும் புதினமான காரியம் அல்ல. சாதகத்தில் ஏதும் கூடாத பலன் சொல்லிவிட்டால், பிள்ளையைக் கொண்டுபோய்த் தொண்டைமானாற்று முருகன் முன்னிலையில் கிடத்துவார்கள். அந்த நேரத்தில் பிள்ளை முருகனுடையது. பிறகு கொஞ்சம் தவிடோ எதுவோ கொடுத்து அவரிடம் வாங்கிக்கொள்வார்கள். இனி அது இன்னாருக்குப் பிறந்த பிள்ளை அல்ல, முருகனிடம் வாங்கின பிள்ளை. கெட்ட காலம் தேடிக்கொண்டு வந்தாலும் வீடு தெரியாமல் திரும்பிவிடும். சடங்கு அவ்வளவுதான். அன்னதானத்தில் இருந்து சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறி, பழையபடி தாயும் பிள்ளையுமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மாமி அப்படிப் போகவில்லை. அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் அல்ல. அப்பா என்னைக் கிடத்திவிட்டு விலகினார். இவர் யாரோ ஊர் தெரியாத பெண்ணைப் போல வேறு பக்கத்தால் வந்து, ஒரு பனையோலைப் பெட்டி தவிட்டைக் கொடுத்து என்னை வாங்கினார். வாங்கினவள் எப்படித் தாயாவாள்? அதனால் எனக்குப் பேச்சு வந்ததும் "மாமி" என்று கூப்பிடப் பழக்கினார். கோயிலில் ஒருவரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சாத்திரம் பார்த்தவரும் சொல்லவில்லையாம். முழுக்க முழுக்க மாமியின் சொந்த மூளை.

ஆக, எனக்கு அப்பா இருந்தார், மாமி இருந்தார், அம்மா இருக்கவில்லை. அப்பாவும் மாமியும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்துவதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

தமிழ் பேசுகிற பிள்ளைக்கு அந்தச் சொல்லைத் தவிர்ப்பது லேசு இல்லை. தடக்கி விழுந்தால் அம்மா, முள்ளுக் குத்தினால் அம்மா, பாரத்தை இறக்கி வைத்தால் அம்மா. நான் "ஐயோ"வோடு நிறுத்திக்கொள்ளப் பழகினேன். நெல்லியடியில் பல்லுப் பிடுங்கப் போன இடத்தில் "ஐயோ மாமி" என்று கத்தினேன். டொக்டர் பல்லுப் பிடுங்குகிற குறட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

ஏன் கூப்பிடக்கூடாது என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்டால் அப்பா கந்தோர் வேலைக்குப் போகிற அவசரத்தில் இருப்பார். மாமி குனிந்து அடுப்பை ஊதுவார். பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டால் பிள்ளை சும்மா இருக்காது, தானே ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்ளும். என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். அவளைப் பெற்ற அன்றே தாய் செத்துப்போனார். "தாயைத் திண்டவள்" என்று அவள் காதுக்குக் கேட்கத்தக்கதாகவே ஊர்ச்சனம் சொல்லும். எனக்கு அது போதுமாக இருந்தது. என் சாதகத்திலும் அதுதான் எழுதியிருக்கிறது, நான் "அம்மா" என்று கூப்பிட்டால் மாமி செத்துப்போவார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதற்குச் சாட்சியும் வைத்திருந்தேன். மத்தியானத்தில் நான் பாயில் படுத்திருந்தால் மாமி மெல்ல வருவார். குனிந்து, என் மூக்குக்குக் கிட்ட விரலை வைத்துப் பார்ப்பார். நான் நித்திரை போலக் கிடந்து, இமையிடுக்கால் அவர் முகத்தைப் பார்ப்பேன். அந்த முகம் முழுக்கப் பயம். என்னைக் கண்டுதான் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு கடல்நீரேரிச் சேற்றில் இறங்கிவிட்டேன் என்று மாமி பூவரசந்தடியால் நல்ல அடி போட்டார். நான் கிணற்றடி வாழைகளுக்குப் பின்னால் போய் நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு "அம்மா, அம்மா, அம்மா" என்று சொன்னேன். உலகத்தில் வேறு எந்தப் பிள்ளையாவது அந்தச் சொல்லைச் சாபமாகப் போட்டதோ தெரியாது. நான் போட்டேன்.

அந்தக் கிழமையே மாமி காய்ச்சலில் விழுந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவரும் சொல்லாமலே முற்றம் கூட்டினேன், தண்ணீர் அள்ளி வைத்தேன், மண்ணும் சாம்பலும் போட்டுக் குசினிச் சட்டிகளை எல்லாம் தேய்த்தேன். விரல் நகத்துக்குள் கரி ஏறி எரிந்தது. காய்ச்சல் இறங்கி மாமி எழும்பி வந்து முதல் கேட்டது, "ஆர் உந்தச் சட்டியளைக் கரி போகத் தேச்சது?" என்றுதான். அதைப்போல ஒரு சந்தோசம் எனக்கு அதற்குப் பிறகு வரவில்லை.

ஆனாலும் ஆசை விடவில்லை. வாங்கினவள் ஒருத்தி வீட்டில் இருந்தால், விற்றவள் ஒருத்தி எங்கேயோ இருக்கத்தானே வேண்டும். அவள்தான் அம்மா என்று எனக்குள் ஒரு கணக்கு. அவள் அடிக்கமாட்டாள், அவள் சேலையில் புகை மணக்காது, ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்குவாள். பாலத்தடியில் பஸ் நிற்கும்போதெல்லாம், இறங்குகிற பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். மீன் கடகத்தோடு இறங்குவார்கள், கோயிலுக்குக் காவடிச் சாமானோடு இறங்குவார்கள். ஒருத்தியும் என்னைத் தேடி இறங்கவில்லை.

வளர்ந்தபிறகு இவை எல்லாவற்றையும் மறந்துபோனேன், அல்லது மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். சண்டைக் காலத்தில் மாமியையும் இழுத்துக்கொண்டு ஊர் ஊராக ஓடினேன். அப்பா தவறிப்போனார். எல்லாம் ஓய்ந்த பிறகு, பிள்ளைகளின் மனநல வேலைக்கு ஆட்கள் தேவை என்று கேள்விப்பட்டு, நரைத்த தலையோடு பயிற்சிக்குப் போனேன். அங்கேதான் பிள்ளைகளுக்கு மனவைத்தியம் செய்த ஒரு வெள்ளைக்கார மனுசியைச் சந்தித்தேன். சந்தித்தேன் என்பது ஒரு பேச்சுக்கு. நான் பிறக்க முன்னமே அவள் செத்துப்போய்விட்டாள்.

ஐரோப்பாவில், இற்றைக்கு நூறு வருசத்துக்கு முந்திய காலம். பெரியவர்களைப் படுக்கவைத்து, வாயில் வந்ததைக் கதைக்கவிட்டு மனதைப் பார்க்கும் வைத்தியம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைப் படுக்கவைத்தால் நித்திரையாகிப்போகும் என்று கண்டாளோ என்னவோ, அந்த மனுசி பிள்ளைகளுக்கு முன்னால் சின்னச் சின்ன விளையாட்டுச் சாமான்களைப் பரப்பினாள். மரத்தால் செய்த ஆட்கள், வண்டில், ஆடு மாடு, கடதாசி, கத்தரிக்கோல், ஒரு கோப்பை தண்ணீர். பெரியவர் சொல்லால் சொல்வதைப் பிள்ளை சாமானால் சொல்லும் என்றாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மேசையில் இழுத்துத் திறக்கிற தனித்தனி லாச்சி, அதற்குப் பூட்டு. பிள்ளை உடைத்ததும் ஒட்டினதும் அந்த லாச்சிக்குள்ளேயே கிடக்கும். இன்னொரு பிள்ளை அதில் கை வைக்க முடியாது.

எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், ஆனால் மெல்ல மெல்லத்தான் வரும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அவளை வாசித்தேன். பால்குடிப் பிள்ளைக்குள்ளேயே கோபமும் பொறாமையும் பயமும் இருக்கின்றன என்று அவள் சொன்னபோது, படித்தவர்களுக்கே அது பொறுக்கவில்லையாம். எனக்குப் பொறுத்தது. வாழைக்குப் பின்னால் நின்றவள் அல்லவா நான்.

இன்னொன்றும் சொன்னாள். குழந்தைக்கு முதலில் தாய் ஒருத்தி அல்ல, இரண்டு பேர். பால் தருகிறவள் ஒருத்தி, அழ அழ வராமல் விடுகிறவள் இன்னொருத்தி. ஒருத்தியிடம் உயிர், மற்றவளைக் கடித்துக் குதறலாம் என்று வெறி. பிறகு ஒருநாள் இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று பிள்ளைக்கு வெளிக்கிறது. அப்போது அதற்கு வருகிற துக்கம் பெரிய துக்கம். நான் கோபத்தில் குதறினது என் நல்ல தாயையும் அல்லவா என்று பதறி, உடைத்ததை ஒட்டப் பார்க்கிறது. மனிதர் செய்கிற நல்ல காரியங்களுக்கு எல்லாம் வேர் அந்தப் பதற்றத்தில் இருக்கிறது என்பது அவள் எண்ணம்.

வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். எனக்கு நினைவு வந்தது குசினிச் சட்டிகள்தான். வீட்டில் புகை மணக்கும் மாமி, பஸ்ஸில் வரப்போகிற அம்மா என்று நான் ஆளை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். மற்றப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு பேரும் ஒரு சொல்லுக்குள் சேர்ந்துவிடுகிறார்கள். எனக்குச் சேரவிடவில்லை.

அவளுடைய சொந்தச் சீவியம் நல்ல சீவியம் அல்ல. பல்கலைக்கழகம் போக ஆசைப்பட்டுப் போகமுடியாமல் போனவள், நாடு விட்டு நாடு போனவள், வளர்ந்த மகனைப் பறிகொடுத்தவள். மகளும் அதே வேலைக்குத்தான் படித்தாள். படித்து, சபையில் எழுந்து நின்று, தாய்க்கு எதிராகப் பேசினாள். தாய் சாகும்வரை இருவரும் ஒற்றுமையாகவில்லை. அந்தப் பக்கத்தை வாசித்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரார் பிள்ளைகளின் மனதை எல்லாம் திறந்து பார்த்தவளுக்குத் தன் பிள்ளையோடு கதைக்க வழி தெரியவில்லையே என்று ஒரு கோபம். அம்மா என்று கூப்பிட ஒரு தடையும் இல்லாத ஒருத்தி கூப்பிடாமல் விட்டாளே என்று அதைவிடப் பெரிய கோபம்.

முதுமையில் அந்த மனுசி தனிமையைப் பற்றி எழுதியிருக்கிறாள். சொல்லே இல்லாமல் ஒருவர் நம்மை முழுதாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற ஏக்கம் எவருக்கும் தீராது, அது முதன்முதல் தாயிடம் கிடைத்ததின் மிச்சம் என்கிறாள். அந்த இடத்தில் மட்டும் அவளோடு சண்டை பிடிக்கிறேன். சொல் இல்லாமல் விளங்கிக்கொள்வது எங்கள் வீட்டில் தாராளமாக இருந்தது. எனக்குத் தலையிடி என்றால் நான் சொல்ல முன்னம் மாமி கொத்தமல்லி அவித்துவிடுவார். நான் ஏங்கினது ஒரு சொல்லுக்கு.

நான் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் நிலையத்தில் லாச்சிக்கு வசதி இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிஸ்கற் தகரம் வைத்திருக்கிறோம், மூடியில் பிள்ளை தானே கீறி ஒட்டின படம். மூலையில் ஒரு மணல் தட்டு. மாமிக்குக் கண் ஒப்பரேசன் முடிந்து கொஞ்ச நாளில், இணுவில் பக்கத்தில் இருந்து ஒரு தோட்டக்காரத் தகப்பன் தன் சின்ன மகளைக் கூட்டிவந்தார். அவர்களின் அடையாளத்தை மாற்றித்தான் எழுதுகிறேன். பிள்ளை வாய் திறப்பதே இல்லை என்றார். தாய் கொழும்பில் தங்கி மருந்து எடுத்துக்கொண்டிருந்தார், வருத்தம் பெரிய வருத்தம். பிள்ளைக்கு ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சின்னனெல்லோ மிஸ். அவளுக்கென்ன விளங்கப்போகுது."

பிள்ளைக்கு எல்லாம் விளங்கியிருந்தது. வரும்போதெல்லாம் அவள் சேலை கட்டின பொம்மையை எடுப்பாள், மணலுக்குள் தாட்டு மூடுவாள், மேலே சின்னக் கோப்பையால் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றி முடிந்தால் திரும்பவும் அள்ளிக்கொண்டு வந்து ஊற்றுவாள். தோட்டக்காரரின் மகள், பயிருக்கு இறைக்கிறாள் என்று நான் முதலில் நினைத்துக்கொண்டேன். ஒருநாள்தான் அவளுடைய மற்றக் கையைப் பார்த்தேன். பொம்மையின் தலை கிடந்த இடத்து மணலை அது தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்கு வருத்தம் வந்தது உம்மாலை எண்டு நினைக்கிறீரோ?" என்று கேட்டேன். பிள்ளை பயப்படுகிற விசயத்தைச் சுற்றிவளைக்காமல் அதன் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்பது அந்த மனுசியின் முறை.

கோப்பை நின்றது. "நான் செத்துப் போ எண்டு சொன்னனான்," என்றாள். மாதக்கணக்கில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. "ஐஸ்கிறீம் வாங்கித் தரேல்லை எண்டு."

"நானும் என்ரை அம்மாவுக்குச் சொன்னனான்," என்றேன்.

இப்படிச் சொந்தக் கதையை நடுவில் போடக்கூடாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்திருந்தார்கள். வாயை மீறி வந்துவிட்டது. "என்ரை அம்மா" என்று ஒரு மனிதருக்கு முன்னால் நான் முதன்முதல் சொன்னதும் அன்றைக்குத்தான்.

பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அவ இப்பவும் இருக்கிறாவோ?"

"ஓம். வீட்டை போனவுடனை அவவிட்டை ஏச்சு வாங்கோணும்."

அவள் யோசித்தாள். பிறகு கோப்பையை வைத்துவிட்டு இரண்டு கையாலும் மணலைக் கிளறிப் பொம்மையை வெளியே எடுத்தாள். யன்னல் வெயிலில் காயப் போட்டாள். தகப்பனை உள்ளே கூப்பிட்டு, பிள்ளையைத் தாயோடு தொலைபேசியில் கதைக்கவிடச் சொன்னேன். அந்தத் தாய் பிறகு தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு தானே வந்தார், பிள்ளை மடியை விட்டு இறங்கவில்லை.

பொம்மை காய்ந்த அன்று பின்னேரம் நான் நேரே வீட்டுக்குப் போனேன். மாமி பின்வாசலில் கதிரை போட்டு, ஆஸ்பத்திரியில் தந்த கறுப்புக் கண்ணாடியோடு முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். கைப்பையை இறக்கி வைக்காமலே கேட்டேன்.

"மாமி, நான் உங்களை அம்மா எண்டு கூப்பிட்டால் என்ன நடக்கும்?"

"இப்ப ஏன் உந்தக் கதை?"

"உங்களுக்கு ஏதும் வந்திடும் எண்ட பயம்தானே? எண்பதும் தாண்டியிட்டியள். இனி என்ன வரக்கிடக்கு?"

மாமி கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கோ? எனக்கு வரும் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லைத்தான். மாமி மடியில் கிடந்த முருங்கையிலையைச் சுளகில் தட்டினார்.

"உனக்கு முந்தி ரண்டு பிறந்தது," என்றார். "மூத்தது மாசம் திகையேல்லை. மற்றது பொம்பிளைப் பிள்ளை, நல்லாச் சிரிக்கும். பால் குடிச்சிட்டுப் படுத்தது, எழும்பேல்லை. நான்தான் பக்கத்திலை படுத்திருந்தனான். என்னிலை பிறக்கிறது என்னட்டைத் தங்காது எண்டு எனக்கு விளங்கிச்சுது. அதுதான் கொண்டுபோய் வித்தது. நான் தாய் எண்டு தெரிஞ்சால் உன்னையும் கொண்டுபோயிடும்."

"ஆர் கொண்டுபோறது?"

"ஆரெண்டு எனக்கென்ன தெரியும்? ரண்டையும் கொண்டுபோனதுதான்."

எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் போய்ப் படியில் குந்திவிட்டேன். மூக்குக்குக் கிட்ட வந்த அந்த விரல் என்ன தேடியது என்று அப்போதுதான் விளங்கியது. என் வாயால் அவர் செத்துப்போவார் என்று நான் பயந்துகொண்டு திரிய, தன்னால் நான் செத்துப்போவேன் என்று அவர் பயந்துகொண்டு திரிந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சோறு தின்றுகொண்டு, ஆளை ஆள் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம். அந்த வெள்ளைக்கார மனுசி எங்கள் பின்வாசலுக்கு ஒருக்கால் வந்திருந்தால், ஒரு லாச்சி எனக்கும் ஒன்று மாமிக்கும் தந்திருப்பாள். நான் அழுதேன். மறைக்கவில்லை.

"எனக்கு ஐம்பத்தேழு மாமி," என்றேன். "ஷெல்லுக்குத் தப்பியிட்டன், சிக்குன்குனியாவுக்கும் தப்பியிட்டன். இனி என்னை ஆர் கொண்டுபோறது? ஒருக்காக் கூப்பிடுறன்."

"வேண்டாம் பிள்ளை."

"ஒரே ஒருக்கா."

மாமி கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். அதில் பட்டிருந்தது கண்ணீரா, ஒப்பரேசன் செய்த கண் ஊறினதா என்று எனக்குத் தெரியாது.

"நான் கண்ணை மூடின பிறகு கூப்பிடு," என்றார். "ஆசை தீரக் கூப்பிடு. அதுக்குப் பிறகு உன்னை ஒண்டும் செய்யேலாது."

பிறகு எழும்பி, முருங்கையிலைச் சுளகோடு குசினிக்குள் போனார். தேங்காய் திருவிக் கொண்டுவரச் சொல்லி உள்ளே இருந்து சத்தம் போட்டார்.

அந்தச் சொல்லுக்காக நான் அறிவு தெரிந்த நாளிலிருந்து ஏங்கியிருக்கிறேன். இப்போதும் ஏங்குகிறேன், கொஞ்சமும் குறையவில்லை. பஸ்ஸிலே ஒரு பிள்ளை "அம்மா" என்றால் நானும் சேர்ந்து திரும்பிப் பார்க்கிறேன். ஆனால் அது என் வாய்க்கு வரப்போகும் நாள் எது என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு முற்றத்தில் பந்தல் போட்டிருக்கும், ஊர் கூடியிருக்கும், நான் "அம்மா" என்று கூப்பிடுவது எல்லோருக்கும் கேட்கும். கேட்க வேண்டியவருக்கு மட்டும் கேட்காது.

இன்று காலையும் தேத்தண்ணியைக் கொண்டுபோய் "மாமி" என்றேன். "என்ன பிள்ளை," என்றார். சீனி காணாது என்று ஏச்சும் விழுந்தது. திரும்பப் போய் இன்னும் ஒரு கரண்டி போட்டுக் கலக்கிக்கொண்டு வந்து, "மாமி" என்று மறுபடியும் கூப்பிட்டேன். இன்னும் கனகாலத்துக்கு எனக்கு அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.